லொகின் பக்கத்தைச் சோதிக்க எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளையோ, பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளையோ உள்ளவர்கள் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு இணையத்தளத்தின் லொகின் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று, பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுத, தெல்தோட்டைப் பாடசாலைகளில் ஐ.சி.டி. படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பழக்க வேண்டும். யாருடைய தளத்தைச் சோதிக்கலாம், யாருடையதில் கை வைக்கக் கூடாது என்பதையும் அதே நாளில், அதே வகுப்பில் பழக்க வேண்டும்.

"ஊரில் எவ்வளவு பிரச்சினை இருக்கு, இவங்களுக்கு லொகின் பக்கமா பெரிசு" என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். பதில் இருக்கிறது.

இப்போது எதற்கெடுத்தாலும் முதலில் வருவது அந்த இரண்டு பெட்டிகள்தான். ஒன்றில் அடையாள அட்டை இலக்கமோ ஈமெயிலோ, மற்றதில் பாஸ்வேர்ட். ஏ.எல். ரிசல்ட் வந்தபின் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது ஒன்லைனில். பிரைவேட்டாக மறுபடி எழுத விண்ணப்பிப்பதும் ஒன்லைனில். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கியூ.ஆர். எடுக்க அடையாள அட்டை இலக்கம், வாகனத்தின் செசி நம்பர், போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் போட்டுத்தான் உள்ளே போனோம். அந்தப் பெட்டிகளைத் தாண்ட முடியாத ஆளுக்கு உள்ளே என்ன வசதி வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு ஈமெயில் இல்லை. கம்யூனிகேஷனில் இருக்கும் தம்பி ஒன்று திறந்து கொடுப்பார். பாஸ்வேர்டையும் அவரே போட்டு, ஒரு துண்டில் எழுதித் தருவார். மூன்று மாதம் கழித்து ஏதாவது திருத்தம் செய்ய வரும்போது துண்டைக் காணவில்லை. பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா என்ற இடத்தை அழுத்தினால், குறியீடு போவது மாமா சவூதி போக முன்னர் பாவித்த சிம்முக்கு. உம்மாவும் பிள்ளையும் கம்யூனிகேஷன் வாசலில் நிற்பார்கள். கலஹா, ஹேவாஹெட்ட பக்கத் தோட்டங்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இதைவிடக் கஷ்டம். ஒரு லொகினைச் சரிசெய்ய அம்மாவின் ஒரு நாள் பேரும் போய், பஸ் காசும் போகும். விண்ணப்ப முடிவுத் திகதி யாருக்காகவும் நிற்பதில்லை.

இதற்கெல்லாம் ஊரில் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "எங்கட சனத்துக்கு விபரம் பத்தாது." இதை நாங்கள் ஏற்பதில்லை. விபரம் பத்தாதது பக்கத்தைக் கட்டியவருக்குத்தான். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கம், எழுத்து இல்லை. ஒரே வீட்டில் உம்மாவுக்குப் பழையது, மகளுக்குப் புதியது. உம்மா தனது இலக்கத்தை அடித்துக் கடைசியில் சிறிய வி போடுகிறார். பக்கம் "தவறான தகவல்" என்கிறது. பெரிய வி போட வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. உம்மா தனது இலக்கமே பிழையோ என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இப்படிப் பக்கங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். சிறியதையும் பெரியதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லை என்பதை வெளியிட முன்னர் எவரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் கவனிக்கவில்லை? கலாசாலையில் மதிப்பீடு படித்த எந்த ஆசிரியருக்கும் இதற்குப் பதில் தெரியும். வினாத்தாள் தயாரித்தவரே உட்கார்ந்து விடை எழுதிப் பார்த்தால் எல்லாக் கேள்வியும் தெளிவாகத்தான் தெரியும். எந்தக் கேள்வி குழப்புகிறது என்பது, பாடத்தை அரைகுறையாக விளங்கிக்கொண்ட பிள்ளையின் கையில் கொடுத்தால்தான் தெரியவரும். பக்கத்தைக் கட்டியவர் தனது ஈமெயிலையும் தனது பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போகிறார். வேலை செய்கிறது. அவர் கம்யூனிகேஷனில் நின்றவர் அல்லர்.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. 2013 ஒக்டோபர் 1 ஆம் திகதி அமெரிக்க அரசாங்கம் ஹெல்த்கெயார்.கவ் என்ற மருத்துவக் காப்புறுதித் தளத்தைத் திறந்தது. இலட்சக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். முதல் நாளில் பதிவை முழுதாக முடிக்கக் கிடைத்தது 6 பேருக்கு. ஆறு இலட்சம் இல்லை, ஆறு பேர். என்னென்ன காப்புறுதித் திட்டம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே கணக்குத் திறந்து லொகின் செய்ய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த வாசலிலேயே கூட்டம் நெரிந்து அடைத்துக்கொண்டது. முழுத் தளத்தையும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஓட்டிப் பார்க்கக் கிடைத்தது கடைசி இரண்டு வாரம்தான் என்று ஒப்பந்தக்காரர்கள் பிறகு கொங்கிரஸில் சாட்சி சொன்னார்கள். அவ்வளவு பணம் உள்ள நாட்டிலேயே சோதிப்பது கடைசி வேலையாகத்தான் போயிருக்கிறது.

சரி, இந்த ஸ்கிரிப்ட் என்பது என்ன?

2004 இல் சிக்காகோவில், தோட்வேர்க்ஸ் என்ற கம்பெனியில் ஜேசன் ஹகின்ஸ் என்பவர் வேலை செய்தார். ஊழியர்கள் தங்கள் நேரத்தையும் செலவையும் பதிகிற உள்ளகத் தளம் ஒன்றை, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கையால் அழுத்தி அழுத்திச் சோதிக்க வேண்டியிருந்தது. அந்தச் சலிப்பில் அவர் செய்த கருவிதான் செலினியம். அப்போது இந்தத் துறையில் பெரிய கம்பெனியின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று மருந்து என்று பகிடியாக வைத்த பெயர் அது. விஞ்ஞான ஆசிரியர்கள் ஆவர்த்தன அட்டவணையில் 34 ஐப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். மெர்க்குரியின் கருவிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. செலினியம் இலவசம், இன்றுவரைக்கும். அதன் பின்னே இருக்கும் வெப்டிரைவர் முறை 2018 இல் உலகளாவிய நியமமாகவும் ஏற்கப்பட்டது. 2020 இல் மைக்ரோசொப்ட் பிளேரைட் என்ற இன்னொன்றை வெளியிட்டது. அதுவும் இலவசம். ஏ.எல். ஐ.சி.டி. பிள்ளைகள் படிக்கும் பைதனில் இரண்டையும் எழுதலாம்.

செய்வது மிக எளிய வேலை. பிரவுசரைத் திற. இந்த முகவரிக்குப் போ. இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்து இதை எழுது. அந்தப் பெட்டியில் அதை எழுது. பொத்தானை அழுத்து. இப்போது திரையில் இந்த வசனம் தெரிகிறதா என்று பார். தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் பிழை என்று சொல். பேய் இயக்குவதுபோல் மவுஸில் யாரும் கை வைக்காமலே பெட்டிகள் நிரம்புவதை முதல் தடவை பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் நாங்கள் ஒரு வருடம் விளங்கப்படுத்தியது அங்கே ஒரு நிமிடத்தில் விளங்குகிறது.

கடந்த விடுமுறையில் உயர்தரப் பிள்ளைகள் 6 பேருடன் இதைச் செய்து பார்த்தோம். மூன்று லெப்டொப், ஒரு போனின் ஹொட்ஸ்பொட். சோதித்த தளம், ஊர்ப் பிள்ளைகள் புலமைப்பரிசில் உதவிக்கு விண்ணப்பிப்பதற்காக வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர் இளைஞர் ஒருவர் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்தது. அவரிடம் கேட்டோம். அவர் எழுத்தில் சம்மதம் தந்து, உண்மையான விண்ணப்பங்கள் இல்லாத ஒரு பிரதியையும் சோதனைக்கென்று தனியாக நான்கு கணக்குகளையும் தந்தார்.

முதல் நாள் லெப்டொப்பைத் திறக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, "இந்த வாசலில் ஒரு மனிதருக்கு என்னென்ன நடக்கலாம், எழுதுங்கள்" என்றோம். பெரியவர்கள் எழுதியிருந்தால் நாலு வரியோடு முடித்திருப்போம்: சரியான பாஸ்வேர்ட், பிழையான பாஸ்வேர்ட், வெறும் பெட்டி, மறந்த பாஸ்வேர்ட். பிள்ளைகள் 17 எழுதினார்கள். ஒரு மகன் எழுதியது: வட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டை கொபி பண்ணிப் போடும்போது முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளியும் சேர்ந்து வந்தால்? இன்னொருவர்: போன் நம்பரை 07 என்று தொடங்காமல் 94 போட்டு எழுதினால்? சிறிய வி, பெரிய வி எல்லோருடைய தாளிலும் இருந்தது. எல்லோரும் வீட்டில் பார்த்தது அது.

ஒரு மகள் எழுதியதைப் படித்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். "கம்யூனிகேஷன் கொம்பியூட்டரில் லொக் அவுட் பண்ணிவிட்டு வந்த பிறகு, அடுத்து வந்தவர் பெக் பட்டனை அழுத்தினால் என் பக்கம் தெரியுமா?" தனக்கு முன்னே இருந்த யாரோ ஒரு பெண்ணின் படமும் விலாசமும் போன் நம்பரும் அப்படித் திரையில் வந்ததைத் தான் ஒருமுறை பார்த்ததாகச் சொன்னார். ஒரு வயது வந்த பெண் பிள்ளையின் படமும் போன் நம்பரும் அடுத்த வாடிக்கையாளரின் கண்ணில் படுவது என்ன என்று பெற்றோருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. வீட்டில் சொந்தமாக லெப்டொப் வைத்திருப்பவருக்கு இந்தச் சோதனை மனதில் வருவது கஷ்டம். ஒரு கொம்பியூட்டரை ஊரே பாவிக்கும் இடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது தானாகவே வருகிறது. இந்தப் பதிவை எழுத முக்கிய காரணமும் இதுதான்.

17 இல் 5 தோற்றது. சிறிய வி தோற்றது. இடைவெளி தோற்றது. பெக் பட்டனும் தோற்றது. அந்த இளைஞர் கோபப்படவில்லை, இரண்டு நாளில் திருத்தினார். திருத்திய அன்றே பிள்ளைகள் 17 சோதனையையும் மறுபடி ஓட்டினார்கள், இரண்டு நிமிடம்கூடப் போகவில்லை. சிறிய வி இப்போது சரி. ஆனால் நேற்றுவரை ஒழுங்காக இருந்த "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா" இன்று வேலை செய்யவில்லை! ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று கழன்றிருக்கிறது. கையால் சோதிப்பவர் திருத்திய இடத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருப்பார். ஸ்கிரிப்டுக்குச் சலிப்பு இல்லை. சொன்ன 17 ஐயும் சொன்ன ஒழுங்கில் ஒவ்வொரு தடவையும் செய்யும். தானியக்கச் சோதனை எதற்கு என்று அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் எங்களிடம் கேட்கவில்லை.

தொழில் ரீதியான இரண்டு விடயம், ஐ.சி.டி. ஆசிரியர்களுக்காக.

ஒன்று, காத்திருப்பது. எங்கள் மலையில் சிக்னல் வரும், போகும். பொத்தானை அழுத்தியவுடன் அடுத்த பக்கத்தைத் தேடினால், பக்கம் வந்து சேர முன்னரே ஸ்கிரிப்ட் "பிழை" என்றுவிடும். பிள்ளைகள் உடனே 5 விநாடி சும்மா இரு என்று எழுதுவார்கள். மழை நாளில் 5 போதாது, நல்ல நாளில் 5 வீண். இத்தனை விநாடி என்று சொல்லாமல், இந்த வசனம் தெரியும்வரை காத்திரு, ஆகக் கூடியது 30 விநாடி என்று எழுதப் பழக்க வேண்டும். பிளேரைட் பெரும்பாலும் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. செலினியத்தில் நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மற்றது, எதைப் பார்த்து "சரி" என்பது. ஒரு பிள்ளையின் ஸ்கிரிப்ட் பிழையான பாஸ்வேர்டுக்கும் "சரி" என்றது. தேடிப் பார்த்தால், பக்கம் திறந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறது. பிழைச் செய்தி காட்டுகிற பக்கமும் திறக்கத்தானே செய்யும். உள்ளே போனவருக்கு மட்டும் தெரிகிற ஒன்றை, அவருடைய பெயரையோ லொக் அவுட் பொத்தானையோ, தேடச் சொல்ல வேண்டும். பிழையான பாஸ்வேர்டுக்கு அது தெரியக் கூடாது என்றும் எழுத வேண்டும். உள்ளே வர வேண்டியவர் வருகிறாரா என்று பார்ப்பது பாதி வேலைதான்.

இனி, எங்களைப் பயமுறுத்துகிற பக்கத்துக்கு வருகிறோம். ஏனென்றால் இதே கருவியால் கெட்டதும் செய்யலாம்.

எல்ல ரயில் டிக்கட் கதை நினைவிருக்கும். 2025 ஜனவரியில், ஒன்லைனில் விட்ட டிக்கட்டுகள் 42 விநாடிக்குள் முடிந்துவிட்டதாக அரசாங்கத் தரப்பே சொன்னது. சி.ஐ.டி. விசாரணையும் நடந்தது. ஒரு குடும்பத்தின் விபரத்தை விரலால் அடித்து முடிக்கவே அதைவிட நேரம் போகும். பேராதனையில் ஏறி நானுஓயாவுக்குப் போக நினைத்த எங்கள் ஆட்களுக்கு டிக்கட் இல்லை, வெளியே பல மடங்கு விலைக்கு விற்றது. இந்தியாவில் இதன் அளவு இன்னும் பெரிது. அங்கே தட்கல் டிக்கட் திறக்கும் முதல் 5 நிமிடத்தில் வரும் லொகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரைக்கும் மனிதர்களுடையது அல்ல, தானியக்க நிரல்களுடையது என்று 2025 ஜூனில் அந்நாட்டு ரயில்வே அமைச்சு சொன்னது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகளை மூடினார்கள். ஜூலை முதல் ஆதார் உறுதிப்படுத்தாமல் ஒன்லைனில் தட்கல் எடுக்க முடியாது என்று வைத்தார்கள். பெட்டியைக் கண்டுபிடி, நிரப்பு, அழுத்து என்ற அதே மூன்று வரிதான் அந்த நிரல்களிலும் இருக்கிறது. படங்களில் பஸ் எங்கே, சிக்னல் எங்கே என்று கேட்கும் கெப்சா வந்ததும் இப்படிப்பட்ட நிரல்களால்தான்.

எனவே கெப்சாவைத் தாண்டுவது எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில்: தாண்டக் கூடாது. உங்களுக்கு அனுமதி உள்ள தளமாக இருந்தால், கட்டியவரிடம் சொல்லிச் சோதனைப் பிரதியில் அதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லாத தளமாக இருந்தால் நீங்கள் அங்கே நிற்கவே கூடாது.

எங்கள் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2016 ஓகஸ்ட் மாதம் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து ஒரு செய்தியைப் போட்டார்கள். ஏ.எல். பரீட்சையை ஏப்ரலில் நடத்தும் முடிவை மீள யோசியுங்கள், அரசாங்கத் தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்று. சில நாளில் கடுகண்ணாவையில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவன் கைதானான். கணினிக் குற்றச் சட்டம் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கம் அப்போதே 9 வருடம் பழையது, அந்தப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவன் போட்ட செய்தியில் பாதி நியாயம் என்று அன்று பலர் சொன்னார்கள். நியாயம் இருக்கலாம். பூட்டு பலவீனம் என்று காட்ட அடுத்தவர் வீட்டுக்குள் போய் நின்றால் பொலிஸ் கேட்பது பூட்டைப் பற்றி அல்ல. ஆனால் நாங்கள் இன்னொன்றையும் கேட்கிறோம். அந்த வயதில் அவ்வளவு திறமை உள்ள பிள்ளைக்கு, அனுமதியோடு சோதிக்கலாம், அதற்குச் சம்பளமும் கொடுப்பார்கள், குறை கண்டால் அறிவிக்க இலங்கை செர்ட் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது என்று யாராவது ஒரு ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருந்தாரா? பழக்காமல் விட்டால் பிள்ளை பழகாமல் இருக்காது. யூடியூபில் பழகும், எல்லை எது என்று தெரியாமல் பழகும்.

எங்கள் வகுப்பில் எல்லை மிக நேரானது. உங்களுடைய தளம், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த தளம், அல்லது பழகுவதற்கென்றே கட்டி வைத்த தளம். நான்காவது இல்லை. பழகுவதற்கென்று சோஸ் டெமோ என்ற பொய்க் கடை ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதைக் கட்டிய சோஸ் லெப்ஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் முன்னே சொன்ன ஜேசன் ஹகின்ஸும் ஒருவர். பயனர் பெயர்களும் பாஸ்வேர்டும் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பூட்டப்பட்ட கணக்கு, பிரச்சினையான கணக்கு என்று வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அரசாங்கத் தளம், பேங்க், பேஸ்புக், பக்கத்து வீட்டு வைபை, எதுவும் நான்காவதாகச் சேராது, "சும்மா பார்க்கத்தான்" என்றாலும். ஒருவர் வீட்டு வாசலில் மூன்று தடவை ஸலாம் சொல்லியும் பதில் இல்லையென்றால் திரும்பி வரச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். இதை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு நேரம் எடுக்கவில்லை.

பாஸ்வேர்ட் விடயத்திலும் கண்டிப்பு. சோதனைக்கு என்று திறந்த கணக்கு மட்டும். உம்மாவின் ஈமெயில், நண்பனின் பேஸ்புக், எதையும் ஸ்கிரிப்டில் எழுதக் கூடாது. சோதனைக் கணக்கின் பாஸ்வேர்டையும் ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல் தனியே வைத்து வாசிக்கச் செய்ய வேண்டும். ஸ்கிரிப்டைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி வரப்போகும் கொமெண்டுகளுக்கு முன்கூட்டியே சில பதில்.

"சாட்ஜிபிடியிடம் சொன்னால் அதுவே எழுதித் தரும்தானே." தரும், நன்றாகவே தரும். எங்கள் பிள்ளைகளும் கேட்டுப் பார்த்தார்கள். கேட்டவுடன் வந்தது பெரியவர்களின் நாலு வரிப் பட்டியல். சிறிய வியும் மாமாவின் பழைய சிம்மும் கம்யூனிகேஷன் பெக் பட்டனும் பிள்ளைகள் சொன்ன பிறகுதான் அதில் சேர்ந்தது. எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அது நல்ல உதவியாள்.

"எங்கட பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் பத்தாது." பைதனில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35. இந்த வேலைக்கு அதில் பத்துப் பன்னிரண்டு போதும். இன்னொரு பக்கம், தமிழ்ப் பக்கத்தைச் சோதிக்கத் தமிழ் தெரிந்த பிள்ளைதான் வேண்டும். மூன்று மொழியில் இருக்கிறது என்று சொல்லும் தளங்களில் பிழைச் செய்தி மட்டும் இங்கிலிஷில் வருவதையும், தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடைந்து நிற்பதையும் வேறு யார் கவனித்துச் சொல்வது?

"ஓ.எல். சிலபஸில் இல்லையே." இல்லைதான். ஓ.எல். பிள்ளைக்கு நாங்கள் கற்பிப்பது பஸ்கல். அந்த மொழி 1970 இல் வந்தது. நிபந்தனை, சுற்று எல்லாம் அதில் விளங்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தான் எழுதிய நிரல் ஊரில் ஒருவருடைய ஒரு கஷ்டத்தைத் தீர்த்தது என்ற அனுபவம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக முன்னர் ஒரு தடவையாவது கிடைக்க வேண்டும்.

"வேலை கிடைக்குமா?" மென்பொருள் சோதனை என்பது கொழும்பில் தனித் தொழில். கியூ.ஏ. என்று சொல்வார்கள். ஐ.எஸ்.டி.கியூ.பி. என்ற சர்வதேசச் சான்றிதழ் இருக்கிறது. பட்டம் இல்லாமல் இந்த வழியால் உள்ளே போனவர்களும் உண்டு, வீட்டிலிருந்து செய்பவர்களும் உண்டு. மகளைக் கொழும்பில் போர்டிங்கில் விட யோசிக்கும் வாப்பாமார் இதைக் கவனிக்கலாம். ஆனால் இரண்டு மாதம் பழகினால் இலட்சக்கணக்கில் சம்பளம் என்று போஸ்டர் அடித்துக் காசு வாங்குபவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விடாதீர்கள். கருவிகள் இலவசம். பைதன் ஆரம்பப் பாடநெறியை மொரட்டுவைப் பல்கலைக்கழகமே ஒன்லைனில் இலவசமாகத் தருகிறது.

இந்த ஊரின் எந்த நிறுவனமாவது தளம் ஒன்று கட்டுவதென்றால், சங்கமோ நூலகமோ நலன்புரி நிதியமோ, கட்டுபவரிடம் காசு கொடுக்க முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது: லொகின் சோதனைகள் எழுதியிருக்கிறீர்களா, காட்டுங்கள் பார்ப்போம். இப்போது நாங்கள் நிறத்தையும் லோகோவையும்தான் கேட்கிறோம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் காலை 2 மணித்தியாலம், 12 பிள்ளைகள் வரை எடுக்கலாம் என்று நினைக்கிறோம். ஆணும் பெண்ணும், தோட்டத்துப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் வரலாம். கட்டணம் இல்லை. பெற்றோர் ஒருவர் முதல் நாள் வந்து, அனுமதி இல்லாத எந்தத் தளத்திலும் பிள்ளை கை வைக்காது என்ற தாளில் பிள்ளையோடு சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பாவனையில்லாமல் வீட்டில் கிடக்கும் லெப்டொப் இருந்தால் இரவல் தாருங்கள், பெட்டரி பழுதானாலும் பரவாயில்லை, சார்ஜரில் வேலை செய்தால் போதும். சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் பிள்ளைகளுக்குச் சோதிக்கத் தர விரும்பினால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சோதனைப் பிரதி ஒன்று தனியாக எடுத்துத் தர முடிந்தால் மட்டும்.